கைப்பேசியைக் கல்லாக்கிய 53

வீட்டுச் சாவி தொலைந்துவிட்டால் பூட்டுத் திறப்பவரை அழைத்து வருகிறோம். அவர் பழைய பூட்டை உடைத்துப் புதிய பூட்டைப் போட்டுக் கொடுக்கிறார். மறுநாள் வழக்கம்போல் அடுப்பில் உலை கொதிக்கிறது. இப்படிப் புதுப் பூட்டுப் போட்டுப் பல மாதம் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடித்த அன்று, கதவும் சன்னலும் கொல்லைவாசலும் தாமாகவே அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? காரணம் ஏதும் சொல்லாமல், வாசற்படியில் 53 என்று ஓர் எண் மட்டும் எழுதியிருந்தால்?

ஐபோன் 6 வைத்திருந்த பலருக்கு 2015ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஏறத்தாழ இதுதான் நேர்ந்தது. மென்பொருளைப் புதுப்பித்தார்கள், கைப்பேசி உயிரற்ற கல்லாயிற்று, கணிப்பொறித் திரையில் "பிழை 53" என்று வந்தது. அந்தப் பழுது பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. என்றாலும், மென்பொருள் மாற்றத்தால் கைப்பேசி முடங்குவதைப் பற்றி நாம் கற்கவேண்டிய பாடம் முழுவதும் இந்த ஒரு வழக்கிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பொத்தானும் காப்பறையும்

ஐபோன் 6 சந்தைக்கு வந்தது 2014 செப்டம்பரில். திரைக்குக் கீழே அதற்கு வட்டமான ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் முகப்புத் திரை வரும். அதன்மேல் விரலை வைத்தால் பூட்டுத் திறக்கும். ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலைகள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

விரல்ரேகையைப் படிக்கும் உணரிக்கு டச் ஐடி என்று பெயர். 2013இல் ஐபோன் 5எஸ் கருவியில் அது அறிமுகமானது. மேலே நீலமணிப் படிகத்தாலான மூடி. அதைச் சுற்றி எஃகு வளையம். அடியில் 170 மைக்ரான் தடிமனே உள்ள உணரி. விரல் தொட்டதை வளையம் உணர்ந்ததும் உணரி விழித்துக்கொள்கிறது. விரல்தோலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மின்தேக்குத் திறன் வேறுபடும். அந்த வேறுபாட்டை அங்குலத்துக்கு 500 புள்ளிகள் என்ற நுட்பத்தில் அது அளந்து ஒரு படமாக்குகிறது.

படம் எங்கே போகிறது? கைப்பேசியின் மையச் சில்லுக்குள்ளேயே, மற்றப் பகுதிகளிலிருந்து விலகித் தனியே இயங்கும் ஒரு சிறு பகுதி உண்டு. அதைக் காப்பறை என்று அழைப்போம். விரல்ரேகையைச் சரிபார்ப்பது காப்பறையின் வேலை. உணரியிலிருந்து காப்பறைக்குச் செல்லும் செய்தி மையச் சில்லின் வழியாகத்தான் போகவேண்டும். ஆனால் அந்தச் சில்லால் அதைப் படிக்க முடியாது. தபால்காரர் உறையைக் கொண்டுபோகலாமே தவிரப் பிரிக்கக்கூடாது என்பது போல. உறையை ஒட்டும் இரகசிய எண்ணைத் தொழிற்சாலையிலேயே உணரிக்கும் காப்பறைக்கும் பொதுவாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கைப்பேசிக்கும் அது வேறு வேறு. ஆகையால் ஒரு ஐபோனிலிருந்து கழற்றிய பொத்தானை இன்னொன்றில் மாட்டினால், அது அதே நிறுவனம் செய்த அசல் பொத்தானாகவே இருந்தாலும், காப்பறைக்கு அது அந்நியன்தான்.

இந்த ஏற்பாடு தேவைதானா என்று கேட்கலாம். தேவைதான் என்பதே என் கருத்து. உரியவரின் விரல்ரேகையைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, அவர் இல்லாதபோது காப்பறைக்கு அதை மீண்டும் அனுப்பும் போலி உணரி ஒன்றைத் தீயவன் ஒருவன் செய்து பொருத்தலாம். இணையாத உணரியை நம்பாதே என்று காப்பறைக்குச் சொல்லிக்கொடுத்த பொறியியலார் சரியாகவே செய்திருக்கிறார்கள். 2016இல் இந்த நிறுவனத்தைச் சாடிய பலர் இந்த இடத்தில் நிதானம் தவறி, சரிபார்ப்பே சூழ்ச்சி என்று எழுதிவிட்டார்கள். அது சரியன்று. பூட்டைக் குறை கூறுவதற்கு முன் பூட்டு ஏன் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

பல மாதம் கழித்து விழுந்த அடி

ஐபோன் 6இல் இந்தப் பொத்தான் திரைப் பகுதியோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. திரை உடைந்து மாற்றும்போது பழைய பொத்தானைக் கழற்றிப் புதுத் திரையில் மாட்டவேண்டும். அதன் கேபிள் மிக மெல்லியது. கை சற்றுத் தவறினால் கிழிந்துவிடும். கிழிந்தால் கடைக்காரர் வேறு பொத்தான் போட்டுக் கொடுப்பார். அழுத்தும் வேலை நடக்கும். விரல்ரேகை வேலை நடக்காது. "இனிமேல் கடவுஎண்ணைப் போட்டுத் திறந்துகொள்ளுங்கள்" என்பார். இது நியாயமான சமரசம். வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு போய்விடுவார்.

அந்தக் கைப்பேசி மாதக்கணக்கில் ஒழுங்காக உழைக்கும். பிறகு ஒரு நாள் மென்பொருளைப் புதுப்பிப்பார். புதுப்பிக்கும் நிரல், கருவியின் பாகங்கள் ஒன்றுக்கொன்று இணையானவைதாமா என்று சரிபார்க்கும். பொத்தானும் காப்பறையும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். நின்றால் பழைய மென்பொருளும் இல்லை, புதிய மென்பொருளும் இல்லை. உள்ளே இருக்கும் படங்களையும் கடிதங்களையும் வெளியே எடுக்கவும் வழியில்லை. ஏனெனில் நினைவகத்தில் உள்ளவை அனைத்தும் மறைகுறியாக்கப்பட்டவை. அவற்றின் திறவுகோல் அந்த மையச் சில்லிலேயே பதிந்தது. நினைவகத்தைப் பெயர்த்தெடுத்து வேறு கருவியில் வைத்தாலும் வெறும் எண் குப்பைதான் கிடைக்கும்.

பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2016 பிப்ரவரியில் இதை வெளிக்கொண்டு வந்தது. அது எடுத்துக்காட்டியவர்களுள் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரும் இருந்தார். பால்கன் நாடுகளில் அகதிகளைப் படமெடுக்கப் போன இடத்தில் அவருடைய கைப்பேசி கீழே விழுந்தது. மாசிடோனியாவில் நிறுவனத்தின் சொந்தக் கடை கிடையாது. உள்ளூர்க் கடையில் திரையையும் பொத்தானையும் சரிசெய்துகொண்டார். கைப்பேசி நன்றாகவே உழைத்தது, மென்பொருளைப் புதுப்பிக்கும் வரை. போர்முனையிலும் அகதிகள் வழியிலும் வேலை செய்கிற மனிதர் வேறென்ன செய்திருக்க முடியும்? இத்தனைக்கும், பழுதுபார்ப்பவர் யார் கையும் படாமல், கீழே விழுந்து பொத்தான் அடிபட்ட கருவிகளும் இவ்வாறே முடங்கின என்று செய்திகள் வந்தன. காப்பறைக்கு, போலிப் பொத்தானும் காயம்பட்ட அசல் பொத்தானும் ஒன்றாகவே தோன்றின.

பாதுகாப்பு என்ற வாதம் நிற்குமா?

செய்தி வெளியானபோது நிறுவனம் தந்த விளக்கம், இது வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கானது என்பது. இந்த விளக்கத்தை நாம் ஒரு கருதுகோளாக எடுத்துக்கொண்டு சோதிப்போம்.

பாதுகாப்பே நோக்கம் என்றால், அந்நியப் பொத்தான் மாட்டப்பட்ட அன்றே எச்சரிக்கை வந்திருக்கவேண்டும். வரவில்லை. திங்கட்கிழமை ஆபத்தில்லாத பொத்தான், செவ்வாய்க்கிழமை மென்பொருளைப் புதுப்பித்ததும் ஆபத்தாகிவிடுமா? அடுத்து, புதுப்பிக்கும் வழி. கைப்பேசியைக் கணிப்பொறியோடு இணைத்து ஐடியூன்ஸ் மூலம் புதுப்பித்தவர்களுக்குத்தான் பிழை 53 வந்தது. கைப்பேசியிலிருந்தே நேரடியாகப் புதுப்பித்தவர்களுக்கு அது வந்திருக்காது என்று பின்னர் நிறுவனமே தெரிவித்தது. ஆபத்து பொத்தானில் இருந்தால், எந்தக் கம்பி வழியே மென்பொருள் வந்தது என்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இவற்றையெல்லாம்விட வலுவான சான்று ஒன்று உண்டு. அணைத்து மீண்டும் இயக்கிய ஐபோன், முதலில் கடவுஎண்ணைத்தான் கேட்கும். அதைச் சரியாகப் போடும்வரை விரல்ரேகையை ஏற்பதே இல்லை. 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தாலும், ஐந்து முறை விரல் பொருந்தாமற் போனாலும் அப்படியே. ஆகவே, அந்நியப் பொத்தானால் ஆபத்து என்றால் செய்யவேண்டியது இவ்வளவுதான்: விரல்ரேகை வேலையை மட்டும் நிறுத்திவிட்டுக் கடவுஎண்ணைக் கேட்பது. பொத்தானுக்கு இரண்டு வேலைகள் என்று முன்பே சொன்னேன். ஐயத்துக்குரிய வேலையை நிறுத்தினால் போதும். முழுக் கருவியையும் கொல்லவேண்டிய தேவையே இல்லை.

இது என்னுடைய ஊகமன்று. 2016 பிப்ரவரி 18 அன்று நிறுவனம் ஐஓஎஸ் 9.2.1இன் திருத்திய வடிவத்தை வெளியிட்டது. முடங்கிய கைப்பேசிகள் அதனால் உயிர் பெற்றன. அந்நியப் பொத்தானில் விரல்ரேகை மட்டும் வேலை செய்யவில்லை. நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. அப்போது சொன்ன காரணம்: இது தொழிற்சாலையில் செய்யும் ஒரு சோதனை, வாடிக்கையாளரைப் பாதிக்கும்படி அமைந்ததன்று.

இரண்டே வாரத்தில் இரண்டு விளக்கங்கள்! முதலாவது, வேண்டுமென்றே வைத்த காவல் என்கிறது. இரண்டாவது, தவறுதலாக வெளியே வந்துவிட்ட சோதனை என்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. நான் இரண்டாவதையே நம்புகிறேன். கணிப்பொறி வழியாக மட்டும் பிழை வந்தது என்ற உண்மையோடு அதுதான் பொருந்துகிறது. ஆனால் அப்படியானால், தொழிற்சாலைச் சோதனை ஒன்றைப் பொதுமக்களின் பாதுகாப்பு என்று முதலில் நியாயப்படுத்தியவர்கள் தங்கள் சொந்தக் கருவியைப் பற்றி அறியாமலே பேசினார்கள் என்றாகிறது. சூழ்ச்சியைக் காட்டிலும் இது சிறிய குற்றமா பெரிய குற்றமா என்பதை வாசகர்களே எடைபோடலாம்.

அதே வாரத்தில் நடந்த மற்றொன்றையும் இங்கே சொல்லவேண்டும். பிப்ரவரி 16 அன்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, சான் பெர்னார்டினோ கொலையாளி ஒருவரின் ஐபோனைத் திறக்க உதவும் மென்பொருளை எழுதித்தருமாறு இதே நிறுவனத்துக்கு ஆணையிட்டது. நிறுவனம் மறுத்தது. ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறந்ததாகும் என்பது அதன் வாதம். அரசாங்கமே கேட்டாலும் திறவாத பூட்டு நல்ல பூட்டுத்தான். அப்படிப்பட்ட பூட்டைச் செய்கிறவர்களுக்குத்தான், உரியவர் உள்ளே வர ஒரு வழி எப்போதும் இருக்கிறதா என்று பார்க்கும் கடமையும் இருமடங்காகிறது.

எண் பேசுவதில்லை

என் முதன்மையான குறைபாடு பூட்டைப் பற்றியதன்று; அந்த எண்ணைப் பற்றியது. பொறியியலாருக்குப் பிழை எண் வசதியானது. எந்தச் சோதனை தோற்றது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் அதே எண் பொதுமக்களுக்குக் காட்டப்படும்போது, காரணத்தைச் சொல்வதற்குப் பதில் காரணத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது. "முகப்புப் பொத்தான் இந்தக் கருவியோடு இணையவில்லை, பழைய பொத்தானை மாட்டி மீண்டும் முயலுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தால், பலர் அன்று மாலையே கைப்பேசியைத் திரும்பப் பெற்றிருப்பார்கள். அசல் பொத்தானையும் கேபிளையும் மீண்டும் பொருத்திப் பல கருவிகளைப் பழுதுபார்ப்பவர்கள் உயிர்ப்பித்தார்கள். நிறுவனத்துக்குத் தெரிந்திருந்த காரணத்தை வெளியாள்கள் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தவறுதலாக நேர்ந்த பிழையை மன்னிக்கலாம். அதன்பின் நடந்ததைத் தவறுதல் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் 2015 பிப்ரவரிக்கும் 2016 பிப்ரவரிக்கும் இடையில், வெளியாளிடம் பழுதுபார்த்த காரணத்தால் உங்களுக்கு எந்த நிவாரணமும் கிடையாது என்று குறைந்தது 275 வாடிக்கையாளர்களிடம் நிறுவனம் கூறியிருந்தது. நுகர்வோர் ஆணையம் 2017இல் வழக்குத் தொடுத்தது. 2018 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் 90 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. திரையை வேறொருவர் மாற்றினார் என்பதற்காக வாடிக்கையாளரின் சட்ட உரிமை போய்விடாது என்பதே அங்கே நிலைநாட்டப்பட்ட நெறி.

மௌனத்துக்கு விலை உண்டு என்பதை அடுத்த நிகழ்ச்சி இன்னும் தெளிவாகக் காட்டியது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, மின்கலம் முதுமையடைந்த ஐபோன்களின் சில்லு வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்தது. இதற்கும் நியாயமான காரணம் இருந்தது. பழைய மின்கலத்தின் உள்தடை அதிகம். சில்லு திடீரென மின்னோட்டத்தை இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து கருவி சட்டென அணைந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் அணையாது. ஆனால் இதை வாடிக்கையாளருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. மக்கள் என்ன நினைத்தார்கள்? கைப்பேசி கிழடாகிவிட்டது, புதிது வாங்கவேண்டும் என்று நினைத்தார்கள். மின்கலத்தை மாற்றினாலே பழைய வேகம் திரும்பும் என்பது 2017 டிசம்பரில்தான் பரவலாகத் தெரிந்தது. மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்து நிறுவனம் சமாதானம் செய்தது. 2020 பிப்ரவரியில் பிரான்சு நாட்டு அதிகாரிகள் 2 கோடியே 50 இலட்சம் யூரோ தண்டம் அறிவித்தார்கள். அந்தத் தண்டம் வேகத்தைக் குறைத்ததற்காக அன்று, சொல்லாமல் குறைத்ததற்காக.

ஆண்டிராய்டு கைப்பேசிகளிலும் இத்தகைய பூட்டு ஒன்று உண்டு. 2015இல் வந்த ஆண்டிராய்டு 5.1 முதல், கருவியை வெளியிலிருந்து முழுவதும் அழித்துப் புதிதாக்கினால், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். திருடியவனுக்குப் பயன்படாமலிருக்க இந்த ஏற்பாடு. பழைய கைப்பேசி வாங்கிய அப்பாவியும் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. ஆயினும் அது எண்ணைக் காட்டி நிறுத்துவதில்லை. முன்பிருந்த கணக்கால் உள்ளே வரவேண்டும் என்று சொல்லி நிறுத்துகிறது. ஏன் பூட்டியிருக்கிறது, யாரிடம் சாவி என்று இரண்டும் தெரிகின்றன. விற்றவரைத் தேடிப்போகலாம்.

முடங்கியதும் முதலில் செய்வது

இதைப் படிக்கும் மாணவர் ஒருவரின் வீட்டிலேயே நாளை ஒரு கைப்பேசி புதுப்பித்தலின் நடுவே நின்றுவிடலாம். அப்போது எல்லாரும் சொல்லும் யோசனை, அழித்துப் புதிதாக்கு என்பது. நான் இதைக் கடைசி யோசனையாகவே வைப்பேன். அழித்தபின் கைப்பேசி பிழைக்கும், படங்கள் பிழைக்கமாட்டா.

முதலில் வலிந்து மறுதொடக்கம் செய்யவேண்டும். ஐபோன் 6இல் முகப்புப் பொத்தானையும் மின்பொத்தானையும் சேர்த்துப் பத்து விநாடியாவது அழுத்திப் பிடிக்கவேண்டும். ஐபோன் 8 முதலான கருவிகளில் ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை தட்டி, ஒலி குறைக்கும் பொத்தானை ஒருமுறை தட்டி, பிறகு பக்கப் பொத்தானைச் சின்னம் தோன்றும்வரை அழுத்தவேண்டும். பலன் இல்லையென்றால் கணிப்பொறியில் இணைத்து, சின்னம் தோன்றிய பின்னும் விடாமல் பிடித்தால் மீட்பு நிலை வரும். அங்கே இரண்டு வாய்ப்புகள் தோன்றும். "புதுப்பி" என்பது மென்பொருளை மட்டும் மீண்டும் நிறுவும். உங்கள் கோப்புகளைத் தொடாது. "மீட்டமை" என்பது எல்லாவற்றையும் துடைத்துவிடும். பெயரைக் கேட்டால் மீட்டமை என்பதுதான் இழந்ததை மீட்டுத் தருவதுபோல் ஒலிக்கிறது! இந்தச் சொல் மயக்கத்தால் இழந்த குடும்பப் படங்கள் எத்தனையோ. மென்பொருள் இறங்க 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் கருவி மீட்பு நிலையிலிருந்து வெளியேறிவிடும். பயப்படாமல் மீண்டும் அதே முறையில் தொடங்கலாம்.

பழுதுபார்த்த கைப்பேசியாக இருந்தால், கடைக்காரரிடம் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி ஒரு பொட்டலத்தில் வைத்திருங்கள். புதுப்பிக்கும் முன் நகல் எடுத்து வையுங்கள். எந்தப் பூட்டையும் திறந்து தருவோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களுக்குக் காசு கொடுக்குமுன் இருமுறை யோசியுங்கள். அரசாங்கமே நீதிமன்றம் ஏறிக் கேட்டுக் கிடைக்காத சாவி, தெரியாத ஒருவரின் மென்பொருளில் இருக்கும் என்று நம்புவது கடினம்.

பாகங்களை இணைத்துக் கட்டும் வழக்கம் பிழை 53உடன் முடிந்துவிடவில்லை. 2021இல் ஐபோன் 13இன் திரையை வெளியாள் மாற்றினால் முகம் அறியும் வசதி நின்றுபோனது. கண்டனம் எழுந்தபின் அதை மென்பொருளில் சரிசெய்தார்கள். முகமறியும் கருவிக்கும் திரைக்கண்ணாடிக்கும் பாதுகாப்பில் என்ன உறவு என்பதற்கு மனநிறைவான விடை வந்ததாக நான் கருதவில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம், பழுதுபார்ப்பதைத் தடுக்கும் இத்தகைய இணைப்பைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1க்குப் பிறகு தயாரான கருவிகளுக்கு அந்தத் தடை செல்லும்.

இதற்கிடையே ஒரு நல்ல மாற்றமும் நேர்ந்திருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 15.2 முதல், ஐபோனின் அமைப்புகளில் பாகங்களைப் பற்றிய ஒரு பக்கம் இருக்கிறது. மின்கலமோ திரையோ மாற்றப்பட்டிருந்தால், அது அசலா, அறியாத பாகமா என்று எழுத்தில் சொல்கிறது. சொல்லிவிட்டுக் கைப்பேசி தொடர்ந்து வேலை செய்கிறது. ஐபோன் 6 வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. அந்தக் கருவிக்கான மென்பொருள் ஐஓஎஸ் 12உடன் நின்றுவிட்டது.